கெர்பர் தெரு வீட்டுப் படிக்கட்டு

அருமைராசா பின்பக்க இரும்புப் படியில் குனிந்து நின்று பனியை அள்ளிக்கொண்டிருக்கிறார். முன்வாசலை வீட்டுக்காரனின் ஆள் வந்து துப்புரவாக்கிவிட்டுப் போய்விடுவான். பின்படியை ஏப்ரல் வரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கனடாவுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜில் இந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குக் குடிவந்த நாள் முதல் அது அவருடைய பொறுப்பு, யாரும் கொடுத்ததல்ல.

“ஏன் அண்ணை, உந்தப் படியால ஒருத்தரும் போறேல்லையே,” என்பாள் கீழ்வீட்டுப் பாலாம்பிகை.

“போறேல்லைத்தான். போகவேணுமெண்டால் போகலாமெல்லோ.”

எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்றுமுன் பின்கதவு எங்கே என்று கேட்பார். மனைவி நல்லம்மா வடை பொரித்து முடித்து அடுப்பை அணைக்கும்வரை குசினியை விட்டு நகரமாட்டார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் கூட வேலை செய்கிறவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு தெருவைப் பற்றி மட்டும் நிறையக் கதைப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜேர்மனியின் பழைய சிறுநகரம் ஒன்றில், அவரைப் போன்ற அகதிகளை வைத்திருந்த கெர்பர் தெரு. தோல் பதனிடுகிறவர்களின் தெரு என்று பொருள். நாற்றம் ஊருக்குள் வராதபடி அவர்களை ஆற்றோரம் ஒதுக்கிவைத்திருந்தார்களாம். வீடுகளுக்குக் கறுத்த மரச்சட்டங்கள், இடையில் வைக்கோல் குழைத்த களிமண். மேலே போகப்போக ஒவ்வொரு மாடியும் தெருவுக்குள் கொஞ்சம் முன்தள்ளி நிற்கும். “மூண்டாம் மாடியில நிண்டு முன்வீட்டுக் கிழவிக்குத் தேத்தண்ணி குடுக்கலாம். கீழ வெயிலே விழாது.” அவர் இருந்த வீட்டு வாசல் நிலையில் 1587 என்று வெட்டியிருக்கும். நானூறு வருடம் காய்ந்த மரம்.

அதோடு நிறுத்திவிடுவார். மிச்சத்தை நல்லம்மாதான் சொல்வாள். ஒரு ஞாயிறு பின்னேரம் அகதிகளைப் பிடிக்காத நாலைந்து பேர் வந்து கீழ்க்கதவுக்குள் பெற்றோல் போத்தல்களை எறிந்தார்கள். வீட்டுக்கு ஒரே படி. ஒருவர் ஒடுங்கிப் போகிற மரப்படி. முன்வீட்டுக் கிழவி சன்னலுக்குச் சன்னல் ஏணியைத் தள்ளிவிட, அருமைராசாவும் இன்னும் மூவரும் அதில் தவழ்ந்து தப்பினார்கள். ஏணி வருமுன்னரே தம்பி தியாகராசா படியால் இறங்கி ஓடிவிட்டான். படி திரும்புகிற இடத்தில்தான் அவன் உடலை எடுத்தார்கள்.

இந்த மார்ச்சில் வேலை விஷயமாக ஜேர்மனிக்குப் போன மகள் அஜிதா, சொல்லாமலே அந்தத் தெருவுக்குப் போய் வீடியோவில் அழைத்தாள். எரிந்த வீட்டை முந்தியதுபோலவே திரும்பக் கட்டி ஹோட்டலாக்கியிருந்தார்கள். சன்னல்களில் பூச்சாடிகள். சுவரில், ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு தகடு.

“வாசி பிள்ளை.”

“1634இல சண்டையில கூரை எரிஞ்சதாம். 1711இல பக்கத்து வெதுப்பகத்தால நெருப்புப் பிடிச்சதாம். பேந்து... 1994இல பழையபடி புதுப்பிச்சதாம்.”

“ஏன் புதுப்பிச்சதெண்டு?”

“அது போடேல்லை அப்பா.” அவள் குரல் இறங்கியது. “உள்ள போய்க் கேக்கட்டே?”

“வேண்டாம். படியைக் காட்டு.”

படம் ஆடி ஆடி உள்ளே போனது. சிவப்புக் கம்பளம், மினுக்கிய கைப்பிடி. அகலம் மட்டும் மாறவில்லை.

“இன்னும் கொஞ்சம் மேல ஏறு. அதில நில்.”

படி திரும்பும் இடம் திரையில் வந்ததும், அவர் பெருவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். “அப்பா, கேக்குதோ? அப்பா?” என்று அஜிதா கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். அவர் விரலை எடுக்கவில்லை.