என் கட்டைவிரலைப் பார்த்தவர்

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் காலைப் பேருந்தில் தினமும் அவர் என் பக்கத்து இருக்கை. முன்தலையில் நரை, கழுத்தில் கம்பெனி அட்டை. செல்போனுக்கு விளையாட்டு உருவாக்கும் வேலை; அவர் கம்பெனியில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண்.

அத்திப்பள்ளி செக்போஸ்டில் வண்டி நின்றதும், தான் உருவாக்கும் விளையாட்டை என்னிடம் நீட்டுவார். லாரி பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தைக் கண்டதும் பதறி எல்லாப் பொத்தானையும் அமுக்குவேன். லாரி ஆற்றில் விழும், வேர்வையில் என் சட்டை நனையும். அவரோ திரையைப் பார்க்காமல் என் கட்டைவிரலையே பார்ப்பார்.

“எனக்கு வராதும்மா. லாரி ஓனரு பாவம்.”

“தப்பு உங்க மேல இல்லீங்கண்ணா. நீங்க பயப்படற எடத்துல வழி காட்டாம விட்டது நானு. மாத்திக் கொண்டாரேன்.”

மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார். ஒருநாள் லாரி பாலத்தைக் கடந்தேவிட்டது. நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசிலே அடித்துவிட்டார்.

அவர் சிரிக்கவில்லை. “நேத்து எங்க பிரிவையே மூடிட்டாங்கண்ணா. இது வெளிய வராது. நீங்க தாண்டறதப் பாக்கத்தான் இன்னிக்கு பஸ் ஏறுனேன்.”

அவர் கழுத்தில் அட்டை இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

இன்றும் ஏடிஎம்மில் பதறித் தப்பான பொத்தானை அமுக்குவேன். வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். என் கட்டைவிரலை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.