தவக்காலத்து ஏஞ்சல் மீன்

இத்தாலிக்குக் குடிபோன பக்கத்து வீட்டார் தங்கள் பழைய மீன் தொட்டியைச் செலினின் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரே ஒரு ஏஞ்சல் மீன். கணவர் காலமாகி, மகனும் மெல்பர்னுக்குப் போனபின், கொட்டாஞ்சேனை வீட்டில் செலினைத் தவிர மூச்சு விடுகிற சீவன் அது ஒன்றுதான். அதற்குத் துணையாக, தீக்குச்சியளவு நியோன் மீன்கள் கொஞ்சம் வாங்கி விட்டாள். சில வாரங்கள் எல்லாம் ஒற்றுமையாகத்தான் திரிந்தன.

தவக்காலம் பிறந்தது. சாம்பல் புதனிலிருந்து செலின் வீட்டில் இறைச்சி கிடையாது. ஒரு வீட்டுக்கு இரண்டு சட்டமா? ஏஞ்சலுக்கும் புழுவை நிறுத்திவிட்டு வெறும் தூள் தீனியைப் போட்டாள். குருத்தோலை ஞாயிறு வருமுன்பே நியோன்களைக் காணவில்லை. ஏஞ்சலின் வயிறு மட்டும் புடைத்திருந்தது.

"சண்டாளா, தவக்காலத்திலயா?" என்று கண்ணாடியில் தட்டி ஏசிவிட்டு, மீன் கடை பௌஸியிடம் போய் முறையிட்டாள்.

பௌஸி சிரித்தார். "புழு போட்டிருந்தாலும் என்டைக்காவது திண்டுதான் இருக்கும், அன்ரி. வாய்க்குள்ள போற சைஸ் மீனை அதோட விட ஏலா. பேசாம அதைத் தனிய விடுங்க. ஒரு கரச்சலும் ஈக்காது."

செலினுக்குச் சுருக்கென்றது. "தனிய இருங்கோ அம்மா, ஒரு பிரச்சினையும் இருக்காது" என்று ஏயார்போர்ட்டில் மகனும் இதைத்தான் சொன்னான்.

"வாய்க்குள்ள போகாத பெரிய மீனாப் பாத்துத் தாங்கோ," என்றாள். "தனிய விட்டா அது சுவரோட கதைக்கத் தொடங்கும். எனக்குத் தெரியும்."