கறிவேப்பிலைக் கோரிக்கைகள்

செல்லப்பா சமையலறை வாசலில் நின்றபடி, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் தன் மனைவியிடம் பன்னிரண்டு சதவீதச் சம்பள உயர்வு கேட்கிறார். சுமலதா தலையைத் தூக்காமலே, "கம்பெனி நெலம சரியில்ல செல்லப்பா" என்கிறார். "அப்ப எம்.டி. புது கார் வாங்கினது எப்டி?" "அது அவரு மாமனார் குடுத்தது." செல்லப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார். மற்ற நேரத்தில் புருஷன் பேரை வாயால் சொல்லாத சுமலதா, நிர்வாகமாக நடிக்கும்போது மட்டும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் பதினாலு வருஷமாக இந்த ஒத்திகை நடக்கிறது. ஒரு தடவைகூட நிர்வாகம் தோற்றதில்லை.

செல்லப்பா பாலாநகரில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியின் தொழிற்சங்கச் செயலாளர். தாத்தா காலத்தில் காட்பாடியிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். மல்காஜ்கிரியில் கீழ்வீடு அவருடையது. மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வங்கியில் முப்பத்தொரு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். குடிவந்த மூன்றாம் நாள் அவர் மேலே வந்து, "சார், உங்களுக்கு லேப்டாப்ல இங்கிலீஷ் டைப் அடிக்க வரும்தானே?" என்று கேட்டார். வரும் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் நான் சங்கத்தின் கௌரவ ஆலோசகர் ஆகிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன். இதுவரை யாரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை.

ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அதற்குச் சில மாதம் முன்பே கேன்டீனில் ஒரு அட்டைப்பெட்டி வைத்துவிடுவார்கள். யாருக்கு என்ன வேண்டுமோ எழுதிப் போடலாம். தெலுங்கிலும் இந்தியிலும் சீட்டுகள் வந்து விழும். மச்சானுக்கு வேலை வேண்டும் என்று ஒருவர் எழுதியிருப்பார். சூப்பர்வைசரை ஆதிலாபாத்துக்கு மாற்றச் சொல்லி நாலு சீட்டு ஒரே கையெழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் சலித்து, கம்பெனி வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் படித்துக் காட்டி, கை தூக்கச் சொல்லிக் கோரிக்கை மனுவை நிறைவேற்றுவார்கள். பேசப் போவதற்கு ஐந்து பேர் கமிட்டி. ஆனால் மனு உருவாவது என்னவோ என் சாப்பாட்டு மேஜையில்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில், செல்லப்பா சொல்லச் சொல்ல.

நிஜமாக வேண்டியது மூன்றுதான். ஆனால் மனுவில் பதினேழு இருக்கும். மற்ற பதினாலையும் அவர் கறிவேப்பிலை என்பார். "வாசனைக்குப் போடறது சார். சாப்டறப்போ எடுத்து ஓரமா வெச்சிடுவோம். அவங்களும் எம்.டி.கிட்ட போயி, பதினாலு அயிட்டத்த வெட்டிட்டு வந்தேன்னு சொல்லிக்கணும்ல? பாவம், அவங்களுக்கும் வேல தங்கணும்." இந்த வருஷத்துக் கறிவேப்பிலைகளில் கேரம் போர்டு உண்டு. நாகார்ஜுனசாகருக்கு வருஷம் ஒரு பிக்னிக் உண்டு. மாமியார் இறந்தால் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு உண்டு. கேன்டீனில் ஒரு மீன்தொட்டியும் உண்டு. டைப் அடித்துக்கொண்டே, மீன்தொட்டி எதற்கு என்று கேட்டேன். "கைக்கு சார்?" என்று என் 'எதற்கு'வை இந்த ஊர் இந்தியில் திருப்பிச் சொல்லிவிட்டு, "அத விட்டுக்குடுத்தா நம்மாளுங்க ஒருத்தனுக்கும் வலிக்காது" என்றார்.

இன்னொரு வித்தையும் அவரிடம் உண்டு. பேச்சு முட்டிக்கொண்டால் விருட்டென்று எழுந்து வெளிநடப்பு செய்வார். செய்யும்போது ஹெல்மெட்டை மேஜை மேலேயே விட்டுவிடுவார். வாசலில் நின்று ஒரு டீ குடிப்பார். பத்து நிமிஷம் கழித்து, ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பி வந்தவர் மாதிரி வருவார், அப்படியே உட்கார்ந்துவிடுவார். "வெளில போறது பெரிய விசயம் இல்ல சார். மானம் போவாம உள்ள வர்றதுக்கு வழி வெச்சிக்கினு போவணும்." பழைய எச்.ஆர். மேனேஜர் அந்த ஹெல்மெட்டை யாரையும் தொட விட்டதில்லை. அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இந்தத் தடவை நிஜமாக வேண்டிய அந்த மூன்றில் ஒன்று கனமானது. மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும் வேலைக்கு வைண்டிங் என்று பேர். அதைச் செய்கிற முப்பத்தெட்டுப் பெண்களும் காண்ட்ராக்ட். அவர்களில் லூர்துமேரிக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் மார்ச் முடிவில் நிறுத்துவார்கள், ஏப்ரலில் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவர் ஒருநாள் செல்லப்பாவை மறித்து, "அண்ணா, இந்த வருசம் காண்ட்ராக்டரே மார்றானாம். வர்றவன் அவன் ஆளுங்கள கூட்டிக்கினு வருவானாம். நாங்க எங்க போறது?" என்று கேட்டார். அடுத்த கேட் மீட்டிங்கில் செல்லப்பா மைக்கைப் பிடித்து, "இந்த முப்பத்தெட்டு பேரும் பர்மனெண்ட் ஆவாம நான் பேனா மூடிய தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். விட்டுக்கொடுக்க வழி வைக்காமல் அவர் பேசி நான் கேட்டதேயில்லை. சொன்ன பிறகு அவரே பயந்துபோயிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எதிரில் உட்கார்ந்தது புது எச்.ஆர். மேனேஜர் பத்மப்ரியா. சென்னைப் பெண், குகட்பள்ளியில் வீடு, முப்பத்திரண்டு வயதிருந்தால் அதிகம். பழையவர் முதல் நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டே ஓட்டுவார். இவர் மனுவைப் படித்துவிட்டே வந்திருந்தார்.

"செல்லப்பா சார், நாலாவதுலேர்ந்து பதினேழு வரைக்கும் ஓகே."

செல்லப்பா காதைத் தேய்த்துக்கொண்டார். "ஓகேன்னா?"

"எல்லாமே ஒத்துக்கறோம் சார். மீன்தொட்டி உட்பட. கோல்டு ஃபிஷ் போதுமா, வேற ஏதாவது வேணுமா?"

பதினாலு கறிவேப்பிலையையும் அந்தப் பெண் ஒன்று விடாமல் மென்று விழுங்கிவிட்டார். செல்லப்பா என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

வியாழக்கிழமையே மீன்தொட்டி வந்து இறங்கியது. சாப்பாட்டு மணி அடித்ததும் மொத்த ஷிஃப்டும் அதைச் சுற்றி நின்றது. முதல் நாளிலேயே பதினாலு கோரிக்கை வென்ற தலைவர் என்று செல்லப்பாவுக்கு மாலை போட்டார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. மாலையோடு நிற்பவர் முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கத் தோன்றும்.

இரண்டாம் சுற்றில் சம்பள உயர்வு ஒன்பது சதவீதத்தில் முடிந்தது. போனஸும் முடிந்தது. மிச்சம் முப்பத்தெட்டுப் பெண்கள்.

"பேச்சுவார்த்தைன்னா ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்கணும் இல்லையா சார்?" என்றார் பத்மப்ரியா. குரலில் குத்தல் ஏதுமில்லை. "நாங்க பதினாலு குடுத்தாச்சு. நீங்க என்ன விடறீங்க? நான் எம்.டி. ரூமுக்கு வெறுங்கையோட போக முடியாது."

விட என்ன இருக்கிறது? கேரம் போர்டில் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. மீன்களுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். செல்லப்பா வேறு வழியில்லாமல் விருட்டென்று எழுந்தார். கமிட்டியும் நானும் பின்னால் ஓடினோம். டீக்குச் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அட்டெண்டர் ஹெல்மெட்டோடு மூச்சிரைக்க வந்தார். "மேடம் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. வண்டி ஓட்டறவங்க ஹெல்மெட் இல்லாம போகக் கூடாதுன்னாங்க." இனி எதைச் சொல்லி உள்ளே போவது? டீயைக்கூட முடிக்காமல் வீட்டுக்கு வந்தோம்.

மறுநாளிலிருந்து கமிட்டியிலேயே முணுமுணுப்பு. கிட்டு என்பவர் நேராகவே கேட்டுவிட்டார். "அண்ணா, ஒம்போது பர்சன்ட் வந்துருச்சு, மீனும் வந்துருச்சு. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்காக நம்மளது ஏன் நிக்கணும்? கையெழுத்து போட்டுருங்க." மற்ற மூவரும் தலையாட்டினார்கள். மார்ச் முடிய பதினெட்டு நாள் இருந்தது. வைண்டிங் பகுதிப் பெண்கள் செல்லப்பாவைப் பார்த்தால் ஒன்றும் கேட்பதில்லை. வணக்கம் மட்டும் சொன்னார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. சுமலதா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் காப்பியோடு இருந்தேன்.

"நீ இன்னா குடுக்கற செல்லப்பா?" என்றது நிர்வாகம்.

"எங்கிட்ட இன்னா இருக்குது? எல்லாத்தையும் நீங்கதான் புடுங்கிக்கினீங்களே."

"உன் ரவுண்ட்ஸ் இருக்குதே."

செல்லப்பா அப்படியே நின்றுவிட்டார். விஷயம் இதுதான். சங்கச் செயலாளர் மெஷினில் நிற்க வேண்டியதில்லை என்று அந்தக் கம்பெனியில் பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. அவர் வேலை காலையிலிருந்து மாலைவரை ஷெட் ஷெட்டாகச் சுற்றி வந்து குறை கேட்பது. பதினாலு வருஷமாக அவர் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடவில்லை. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நாலு பேர் கூடுவார்கள், பத்து நிமிஷம் உற்பத்தி நிற்கும். எம்.டி. கண்ணாடி அறையிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்தே ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வந்தவர் என்று கம்பெனியில் பேச்சு. அந்த ரவுண்ட்ஸ் போய்விட்டால் செல்லப்பா யார் என்பது செல்லப்பாவுக்கே தெரியாது.

சுமலதா கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு, "இன்னாங்க, கோச்சிக்கினீங்களா? நான் ஒத்திகைக்குத்தான் சொன்னேன்" என்றார். செல்லப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

மூன்றாம் சுற்றில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மேடம், என் ரவுண்ட்ஸ விட்டுடறேன். ஏப்ரல்லருந்து மிசின்ல நிக்கறேன். சங்க வேலய ஷிஃப்ட் முடிஞ்சு பாத்துக்கறேன். இத எடுத்துக்கினு போயி காட்டுங்க."

பத்மப்ரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து எம்.டி. அறைக்குப் போனார். உள்ளிருந்து பெரிதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, பெண்குரல் இல்லை. அரைமணியில் திரும்பி வந்தார்.

"இருபது பேர் இந்த ஏப்ரல். மீதி பதினெட்டு பேர் அடுத்த ஏப்ரல். அதுவரைக்கும் ஒருத்தரையும் நிறுத்த மாட்டோம்."

"எழுத்துல வேணும்."

"எழுத்துலதான் சார்."

"யாரு மொதல்லன்றது சர்வீஸ் கணக்குப்படி."

"சரி. நீங்க எந்த செக்ஷன்னு கேக்கலையே. எம்.டி. வைண்டிங்னு சொன்னார்."

செல்லப்பா பேனா மூடியைத் திறந்தார்.

ஏப்ரல் முதல் வாரம், புதிதாக நிரந்தரமான இருபது பேருக்கும் சங்க உறுப்பினர் படிவம் எடுத்துக்கொண்டு போனேன். வைண்டிங் ஷெட்டில் செல்லப்பா நீலக்கோட்டில் இருந்தார். நடுவில் இரண்டு பொத்தான் சேரவில்லை. அவர் காலத்து மெஷின்கள் எல்லாம் போய், திரையில் எண் ஓடுகிற மெஷின்கள் வந்திருந்தன. அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு லூர்துமேரிக்கு. "பெடல மெதுவா அமுக்குங்கண்ணா. கேட் மீட்டிங் இல்ல இது" என்று அவர் சொல்ல, அக்கம்பக்கத்தில் சிரிப்பு.

மற்றவர்கள் ஒரு டஜன் முடிக்கிற நேரத்தில் செல்லப்பா ஒரே ஒரு கம்பிச்சுருள் சுற்றி முடித்தார். "சார், இங்க வாங்க, பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முகமெல்லாம் வேர்வை, அதற்கு நடுவே அப்படி ஒரு சிரிப்பு. லூர்துமேரி அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரு கம்பி இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. கட்டரை எடுத்து நறுக்கென்று வெட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

"நக்கோ அண்ணா, வேணாம். ரிஜெக்ட்."

"ஏம்மா, ஒரே ஒரு சுத்துதானே, இதுக்குப் போயி..." என்று செல்லப்பா ஆரம்பித்தார். பேச்சுவார்த்தையில் பேசும் அதே குரல். சுற்றிலும் பெண்கள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர் வலது கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, புதுக் கம்பிக்காக லூர்துமேரியிடம் நீட்டினார்.