இரண்டு வரி ஆங்கிலம்

துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கையாளும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில், மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்லாரையும் அரவணைத்துப் போவது எப்படி என்று தலைமையகத்திலிருந்து தடிமனாக ஒரு கொள்கைப் புத்தகம் வந்தது. அதற்கென்று ஒரு குழு போட்டு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எங்களிடம் இருந்த வெளிநாட்டுக்காரர் ஒரே ஒருவர்தான். கென்யாவிலிருந்து வந்த கிரேன் பராமரிப்புப் பொறியாளர்.

ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்தார். காலையில் வேலை தொடங்குமுன் ஃபோர்மேன் எல்லாரையும் நிற்கவைத்து எந்த கிரேனில் என்ன வேலை, எங்கே மின்சாரம் இருக்கும், இருக்காது என்று சொல்வார். எல்லாம் தமிழில். "அவர் தமிழிலேயே பேசட்டும். கடைசியில் இரண்டு வரி ஆங்கிலத்தில் சொன்னால் போதும்" என்றார்.

அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது என்று சொல்லி, கம்ப்யூட்டரில் புகார்ப் படிவத்தைத் திறந்தேன். இனம், மதம், பாலினம், வயது, உடல் குறைபாடு என்று வரிசையாக இருந்தது. மொழி இல்லை. 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. பிற பண்பாடுகளை மதிப்பது பற்றிய ஆன்லைன் வகுப்பை அவர் முடிக்க வேண்டுமாம். கேட்டவருக்கே பாடம். அவர் அதையும் முடித்து, சான்றிதழை அச்சடித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறுபடி இரண்டு முறை எழுதினேன். "சிஸ்டத்துல போட்டாச்சுல்லா, அவங்க பாத்துக்கிடுவாங்க" என்றார் மேலாளர். இதற்கிடையில் அந்தப் புத்தகத்தில் கொண்டாடச் சொல்லியிருந்த பன்முகத்தன்மை நாள் வந்தது. தேசிய உடையில் வரும்படி அவருக்கு நான்தான் கடிதம் அனுப்பினேன். நைரோபியில் தான் சட்டை பேண்ட்தான் போடுவதாகச் சொன்னார். அப்படியே வந்தார். படம் எடுக்க வந்தவர் முகம் சுண்டிப்போனது.

மழை பெய்த ஒரு காலையில், மூன்றாம் கிரேனில் சோதனைக்காக மின்சாரம் விடப்போவதாக ஃபோர்மேன் அறிவித்தார். அது புரியாமல் பொறியாளர் கருவிப் பையோடு அதே கிரேனில் ஏறிவிட்டார். கீழிருந்து பார்த்த ஃபோர்மேன் ஓடிப்போய் மின்சாரத்தைத் தடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவர் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை என்று அறிக்கை தயாரானது. அறிவுறுத்தல் தமிழில் மட்டுமே சொல்லப்பட்டது என்று நான் ஒரு வரி சேர்த்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டார். அன்று சாயங்காலமே பொறியாளர் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

கோபத்தோடு, கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கும் யார்டுக்குப் போனேன். ஃபோர்மேன் முத்தையாபுரத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். நான் கத்தி முடிக்கும்வரை தலையைக் குனிந்து கேட்டார்.

"அவுகளுக்குப் புரியலன்னு எனக்குத் தெரியாது மேடம். தலைய ஆட்டுவாவ, புரியுதுன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ஆறு மாசத்துக்கு முந்தியே கேட்டாரு அண்ணாச்சி. என்கிட்டதான் கேட்டாரு."

"பொறவு?"

மேலே எழுதி அனுப்பியிருந்தேன், அவ்வளவுதான். என் அறையிலிருந்து யார்டுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட நான் நடக்கவில்லை.

மறுநாள் காலை ஃபோர்மேன், பேசி முடித்ததும், ஒரு தாளைப் பார்த்துத் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் படித்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு தினமும் படித்தார். பொறியாளர் முன்வரிசையில் நின்று கேட்டார். ஆனால் இடமாற்றக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒருமுறை நான் கேட்டுப் பார்த்தேன்.

"வேலை பிடிக்காததால் போகவில்லை. இந்த இரண்டு வரிக்காகக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது" என்றார்.

அடுத்த மாதம் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்குப் போய்விட்டார்.