அப்பாவுக்கு நான் வரைந்த காது

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையிலிருந்து அப்பா பைண்டு செய்த ஒரு தடிப் புத்தகத்தை வாங்கிவந்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் பத்திரிகைகள். உள்ளே நாடக நடிகர்களைக் கேலியாக வரைந்திருந்தார்கள். ஒருவருக்கு உடம்பைவிட மூக்கு பெரிது; ஓர் அம்மாளுக்குத் தொப்பி போக மிச்சம் எதுவுமில்லை. தமிழை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத தில்லிப் பிள்ளையான எனக்கு இந்த வித்தை மட்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஓர் ஆளிடம் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை ஊதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வருஷத்துக்கொரு தமிழ் நாடகத்தில் ராஜா. கூட நடித்தவர்களில் பாதிப்பேர் அதே அலுவலகத்துக்காரர்கள். பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையை அந்த வருஷம் அம்மா அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். எங்கள் ஜனக்புரி வீட்டிலும் அதே கதைதான். குக்கரை இறக்கிக்கொண்டே அவள் ஒரு வரி சொல்வாள், அப்பா திருப்பிச் சொல்வார். வசனம் மட்டுமல்ல, அலுவலகத்தில் அன்று பார்க்கவேண்டியவர்களின் பெயர்களையும் அப்படியே சொல்லவைப்பாள். இருவரும் விளையாடுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

ஆகவே, அப்பாவிடம் என் கண்ணில் முதலில் பட்டது காது. கிரீடம் வைத்த சின்ன ராஜா. முறம் அளவுக்குக் காது. அது நீண்டு திரைக்குப் பின்னால் போய் அம்மாவின் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் பார்க்கட்டுமென்று, பூசா ரோட்டில் ஒத்திகை நடந்த ஹாலின் சுவரில் ஒட்டிவைத்தேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நாடகத்தை இயக்கிய அங்கிள், அலுவலகத்தில் அப்பாவுக்கு மேலதிகாரி. அவரும் முதலில் சிரித்தார். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அச்சா," என்று அம்மாவிடம் திரும்பினார். "நீங்க முன்னால வந்து உக்காருங்கம்மா. அவர் தனியா ஒரு சீன் பண்ணட்டும்."

"இருக்கட்டும், நா இங்கனயே நிக்கேன்," என்றாள் அம்மா. அவர் விடவில்லை.

அப்பா மேடை நடுவில் நின்றார். இரண்டு வரி வந்தது. பிறகு பக்கத்திரையைப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"எங்க போயிட்ட நீ?" என்றார்.

வசனமென்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்பா மறுபடி கேட்டபோது குரல் உடைந்திருந்தது. அம்மா எழுந்து மேடைக்கு ஓடினாள்.

ராஜா வேஷம் வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதமே, கோப்பு எதுவும் வராத ஒரு மேஜைக்கு அப்பாவை மாற்றினார்கள். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. இப்போது என்னைக் கண்டால், "வாங்க, யாரைப் பாக்கணும்?" என்கிறார். மறதி நோய் எப்படியும் முற்றியிருக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். முற்றியிருக்கும்தான். ஆனால் அம்மா படாத பாடுபட்டு மூடிவைத்திருந்ததை ஊருக்கே திறந்து காட்டியவள் நான். மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை. அம்மா போய்ச்சேர்ந்துவிட்டாள், அப்பாவுக்கு எதற்கென்றே தெரியாது.

அன்று ஒத்திகையிலிருந்து மெட்ரோவில் திரும்பும்போது, "ஏட்டி, ஒன்ன யாரு வரையச் சொன்னா?" என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். அப்பா என் தலையைத் தடவி, "விடு, பிள்ள நல்லாத்தான் வரைஞ்சிருக்கா," என்றார். அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். அம்மாவின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அவற்றை மட்டும் பக்கம் முழுக்கப் பெரிதாக வரைந்து, பார்த்தால் சிரித்துவிடுவாள் என்று நம்பி, அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.