சங்கிலிபூதத்தான் கழற்றாத டிரம்

தச்சநல்லூரில் சங்கிலிபூதத்தான் ஷெட்டைத் தெரியாத டிரைவர் அந்தக் காலத்தில் கிடையாது. போர்டு கிடையாது, கதவுக்குக்கூட ஒழுங்கான தகரம் கிடையாது. ஆனால் மற்ற மெக்கானிக்குகள் கைகழுவிய வண்டியெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். துருவேறி இறுகிய நட்டு, மரை செத்த போல்ட், அச்சோடு ஒட்டிப்போன டிரம் எதுவானாலும் அவர் கழற்றிவிடுவார். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. பன்னிரண்டு வயதில் ஒரு பஸ் ஷெட்டில் மண்ணெண்ணெய் வாளியில் சாமான் கழுவ ஆரம்பித்து, நாற்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவர். இரும்பை ஒருநாளும் வைய மாட்டார். வண்டிக்காரனைத்தான் வைவார்.

"இரும்பு என்னவே செய்யும்? கிரீஸ் வைக்காதவன் நீருல்லா!"

நான் ஹைஸ்கூல் வாத்தியார். அதனால் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. "சார்வாளுக்கு மூளை கிடையாது" என்பதோடு விட்டுவிடுவார்.

அதற்குச் சாட்சி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது. அப்பா விட்டுப்போன ஐம்பத்துநாலாம் வருஷத்து பிளைமவுத் கார். வயல் போயிற்று, தோப்பு போயிற்று, இந்தச் சனியன் மட்டும் போகவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆறு வீட்டுக்குள் புகுந்தபோது இரண்டு நாள் கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீரில் கிடந்தது. எஞ்சினை எப்படியோ தேற்றிவிட்டேன். பின்னால் வலது சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை. பார்க்க வேண்டுமானால் பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம்மைக் கழற்ற வேண்டும். அந்தக் காரில் டிரம், கூம்பாக இருக்கும் அச்சு நுனியில் இறுகி உட்கார்ந்திருக்கும். சும்மாவே வராது, வெள்ளத்துத் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதை அசைக்கக்கூடிய கை எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது.

அந்தக் கையும் தை மாதம் விழுந்துவிட்டது. சங்கிலிபூதத்தான் அண்ணாச்சிக்கு வாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. ஷெட் பூட்டிக் கிடந்தது. வைகாசியில் ஒருநாள் மனைவி முத்துராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். வாய் லேசாகக் கோணியிருந்தது. அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சார்வாள், வண்டிய வேற எங்கயும் விட்டுராதிய. நாந்தான் கழட்டுவேன். ஒத்த வேல செஞ்சு காட்டிட்டம்னா டிரைவர்மாரு திரும்பி வந்துருவானுவ. இல்லன்னா நம்ம கடை அவ்வளவுதான்."

எப்படிச் செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாளே காரை உருட்டிக்கொண்டு போய் ஷெட்டில் விட்டேன். பள்ளிக்கூடம் லீவுதான், கூடவே இருந்தேன்.

முதல் நாள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, முத்துராணி ஜாக்கி போட்டாள். நான் சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மை அச்சில் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் நுனியில் நாலு சுற்று விட்டுவைக்கச் சொன்னார். "அது இல்லன்னா டிரம்மு தெறிச்சு ஆளக் கொன்னுரும்" என்றார். பிறகு புல்லரை மாட்டினோம். மூன்று கால்கள் டிரம்மைக் கவ்வ, நடுவில் இருக்கும் பெரிய போல்ட் அச்சின் நுனியை முட்டித் தள்ளும். போல்ட்டை முறுக்க முறுக்க டிரம் வெளியே வர வேண்டும். வரவில்லை. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி முத்துராணி தொங்கினாள், நானும் தொங்கினேன். அண்ணாச்சி இடது கையால் சுத்தியலை எடுத்து போல்ட் தலையில் தட்டினார். மூன்றாவது தட்டில் சுத்தியல் நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் எதிரே பிச்சைக்கண்ணு டீக்கடை பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இரண்டாம் நாளும் அதே கதைதான். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டோம், தட்டினோம், முறுக்கினோம். சாயங்காலம் பக்கத்து வெல்டிங் கடை சேக் முகம்மது தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணாச்சி, நான் வேணா கேஸ் வச்சுக் கொஞ்சம் சூடு காட்டட்டா?"

"ஏம்லே, நான் செத்தா போயிட்டேன்?"

சேக் முகம்மது தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவன் சொன்னதுதான் சரி. சூடு காட்டியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் கையால் கழன்றால் அது சேக் முகம்மது கழற்றியதாகிவிடும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் போல்ட்டை முடிந்த மட்டும் முறுக்கி அப்படியே விட்டுவிட்டு ஓய்ந்தோம். நான் வாசலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே முத்துராணி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிட அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். சின்னப் பிள்ளைபோல ஊட்டிவிடத்தான் சம்மதித்தார். அதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரிந்ததால்தான் வாசலை மறைத்து நின்றேன்.

டமார் என்று ஒரு சத்தம். அதிர்வேட்டுப் போட்டதுபோல ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறார். சோற்றுத் தட்டு ஒரு மூலையில் கிடக்கிறது. டிரம் அச்சைவிட்டு விலகி, நட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் தொடாமல், முறுக்கிவிட்டிருந்த போல்ட்டின் அழுத்தத்திலேயே தானாகக் கழன்றிருந்தது.

அவரைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் டீக்கடை மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. பிச்சைக்கண்ணு டிரம்மைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தியளாவே! ஒத்தக் கையாலயே கழட்டிப்புட்டாரு மனுசன்!"

வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு அண்ணாச்சி சொன்னார். "நான் இல்லவே. அது தானா வந்துட்டு."

"அடக்கத்தப் பாரு!" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அவருடைய வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையை இழுத்துக்கொள்ளக்கூட அவரால் முடியவில்லை.

கூட்டம் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சார்வாள், நீங்க போயிச் சொல்லிருங்க. நான் கழட்டலன்னு சொல்லிருங்க. நாளைக்கு எவனாவது வண்டியக் கொண்டாந்துட்டா நான் என்னத்த வச்சுக் கழட்டுவேன்?"

நேரே டீக்கடைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சோறு ஊட்டியதை மட்டும் சொல்லவில்லை. பிச்சைக்கண்ணு டீ ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார். "வாத்தியாருக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்? தானா வாரதுன்னா வெள்ளம் வடிஞ்ச அன்னைக்கே வந்திருக்கும்லா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது ஷெட் வாசலில் இரண்டு கார்களும் ஒரு லாரியும் நின்றன. லாரி கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தது. முத்துராணி கதவை அடைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அவுக பாவநாசம் போயிருக்காவ. வர நாலு நாளாவும்."

"பரவால்லக்கா, காத்துக் கெடக்கோம். அவரு கை பட்டாத்தான் வரும்" என்றான் லாரிக்காரன்.

பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போனேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டதும் அவை மறுபடி தொங்கின.

"போயிட்டானுவளா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க வந்துருவீங்கன்னு உக்காந்திருக்காங்க."

அவர் கண்ணில் நீர் வழிந்தது; துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நாலு மாசமா ஒருத்தனாவது வர மாட்டானான்னு சாமியக் கும்புட்டுக் கெடந்தேன் சார்வாள்" என்றார். "வந்துட்டானுவ. இப்ப எப்பிடிப் போவச் சொல்ல?"