வலப்பக்கத்தில் முதல் பெயர்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஜெராக்ஸ் அக்காவிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. மற்ற நாட்களில் அவள் அப்படியொன்றும் கடுகடுத்த ஆள் இல்லை. அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீடுவரை தேடிப் போய்வரும் ஆட்களையும், 'ஒரு காப்பி போதும்' என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இன்னொன்றுக்கு வந்து நிற்பவர்களையும் சிரித்த முகத்தோடுதான் சமாளிக்கிறாள். கணவர் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பத்து மாதம் கடலில். கடையும் அவளும் இரண்டு இயந்திரங்களும்தான் குடும்பம். சனிக்கிழமை மட்டும் கதை வேறு. அன்றுதான் ஞாயிறு பூசைக்கான கருத்துத் தாளை அவள் தட்டச்சு செய்யும் நாள்.

அந்தத் தாள் ஒரே பக்கம், நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், நன்றிக்கும் வேண்டுதலுக்கும் பூசை கேட்டவர்களின் பெயர்கள். அதாவது உயிரோடு இருப்பவர்கள். வலப்பக்கம், ஆன்ம இளைப்பாற்றிக்கு. அதாவது போய்ச் சேர்ந்தவர்கள். பூசை தொடங்கும் முன் இந்தப் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். பதினாறு வருடமாக இந்த ஊழியத்தைச் செய்கிறாள். பதினாறு வருடமாக ஒருத்தராவது பெயரை ஒழுங்காக எழுதிக் கொடுத்ததுண்டா? மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதுவார்கள். பஸ் டிக்கெட்டில் எழுதுவார்கள். ஒன்றும் எழுதாமல் வந்து, "எங்க மாமனார் பேரப் போட்டுருங்கக்கா" என்பார்கள். பெயர் என்ன என்றால், "அதான், ஒங்களுக்குத் தெரியுமே, உயரமா இருப்பாரே" என்பார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஆள் இருக்காரா, போயிட்டாரா?"

மூஞ்சியில் அடித்தாற்போல் கேட்கிறாளே என்று சிலருக்கு வருத்தம். வருத்தப்பட்டால் படட்டும். உயிரோடு இருப்பவரை வலப்பக்கம் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது?

இடப்பக்கத்தின் கடைசி வரியில் மட்டும் ஒன்பது வருடமாக ஒரே பெயர். அவளுடைய அண்ணன் பெயர். காரணம் எழுதமாட்டாள். கடவுளுக்குத் தெரியும். அண்ணன் மனம் மாறி மறுபடி கோவிலுக்கு வர வேண்டும், தன்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்பது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரே ஒரு காரும், எப்போதும் அதில் ஒரு கால் வைத்தபடி இருக்கும் குணமும் அவருக்குச் சொந்தம். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஆயர் வந்த ஞாயிற்றுக்கிழமை, முன் மூன்று பெஞ்சுகளும் விருந்தினருக்கு என்று முடிவாயிற்று. இருக்கைப் பொறுப்பு ஜெராக்ஸ் அக்காவுடையது. அவளே அச்சடித்த அட்டைகளை அவளே பெஞ்சுகளில் வைத்தாள். அண்ணன் வந்தார். மூன்றாவது பெஞ்சில் நடைபாதை ஓரம் அவருடைய இடம், அதற்கு முன்பு அப்பா உட்கார்ந்த இடம். அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாடகர் குழு ஒத்திகையை நிறுத்தியிருந்த நேரம், குண்டூசி விழுந்தால் கேட்கும்.

"கொஞ்சம் எந்திரிங்கண்ணே, பெரிய மனுஷங்க வராங்க" என்றாள்.

அண்ணன் எழுந்தார். அட்டையை இருந்த இடத்தில் நேராக வைத்தார். நடுப்பாதை வழியாக நடந்து வாசலைத் தாண்டிப் போனவர்தான். அன்று வர வேண்டிய பெரிய மனிதர்களில் பாதிப் பேர் வரவேயில்லை, மூன்றாவது பெஞ்ச் கடைசிவரை காலியாகக் கிடந்தது. இதை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த ஞாயிறிலிருந்து அந்த ஓரத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாள். வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது, அண்ணன் வந்தால் கொடுக்க வேண்டும் என்று. பக்கத்தில் அண்ணி. அண்ணி இரண்டு பேரோடும் பேசுவாள், இரண்டு பேரையும் திட்டுவாள், தாளில் வாராவாரம் வரும் பெயரைப் பற்றி மட்டும் அண்ணனிடம் மூச்சு விடமாட்டாள்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை காலை அண்ணனின் கார் சரியாக அவள் கடை வாசலில் நின்றுபோயிற்று. ஓட்டிப் பழகும் பெண் பயந்துபோய்ச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்து இருக்கையில் இருந்தார். கண்ணாடி இறங்கியிருந்தது. மூன்றடி தூரம்.

"தண்ணி வேணுமாண்ணே?" என்று கேட்டாள், வாய் தன்னாலே கேட்டுவிட்டது.

அண்ணன் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்து, "கிளட்ச்ச மெதுவா விடும்மா" என்றார். கார் போய்விட்டது.

ஜெராக்ஸ் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கென்று, புதிதாக வாங்கிய வீட்டுக்கு நன்றி, பிழைத்த மாமியாருக்கு நன்றி என்று இடப்பக்கத்தில் வழக்கத்தைவிட ஒரு பெயர் அதிகம். தட்டினாள். இடப்பக்கம் நிறைந்ததும், கடைசி வரி தானாக வலப்பக்கத்தின் உச்சிக்குத் தாவிக்கொண்டது. கணினி அப்படித்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே விண்ணப்பம் தட்டிக் கொடுப்பவள். ஆனால் அன்று அவள் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்த்தாள். பிழை ஒன்றுமில்லை. அண்ணனின் பெயர், அப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒரு புள்ளி குறையாமல், செத்தவர்கள் பக்கத்தில் முதலாவதாக நின்றது.

மறுநாள் பூசையில் தாளை வாசித்தவர் கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் அடித்து வளர்த்தவர். ஆனால் தாளைக் கையில் கொடுத்துவிட்டால் தாளில் உள்ளதைத் தவிர வேறெதையும் யோசிக்க மாட்டார். கீழே 'பின்பக்கம் பார்க்க' என்றிருந்தால் அதையும் வாசிப்பார். வலப்பக்கத்துக்கு வந்ததும் குரலைத் தழைத்துக்கொண்டார். அந்தக் குரலுக்கு அவரே ரசிகர்.

"ஆன்ம இளைப்பாற்றிக்காக..." என்று நிறுத்தி, அண்ணனின் பெயரை உருக்கமாக உச்சரித்தார்.

அண்ணி திரும்பி ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்தாள். "நான் வரும்போது ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தாரேடி!" என்றாள். பாதிக் கோவிலுக்குக் கேட்டது. மீதிப் பாதிக்குக் கேட்கவில்லை என்பதுதான் விபரீதம்.

பூசை முடிந்ததும் மரியாயின் சேனை என்ற செபக் குழுப் பெண்கள் ஏழு பேர் செபமாலையும் கையுமாக அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அண்ணியும் ஜெராக்ஸ் அக்காவும் கூட்டத்தில் சிக்கி ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிவிட்டு ஓடுவதற்குள் காரியம் கைமீறிப் போயிற்று. அண்ணன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்து வேறு யாரோ உறவினர் என்று நினைத்து, ஒரு பெண்மணி தோளில் கைவைத்து, "எப்பப்பா எடுக்கறீங்க?" என்று அழுதாள்.

"யார?" என்று திரும்பினார் அண்ணன்.

அன்று மாலைக்குள் கார் பழகும் மூன்று பேர், "சார் எறந்துட்டாருன்னு சொன்னாங்க" என்று வகுப்புக்கு வரவில்லை. நான்காவது ஆள் வந்தார், மாலையோடு.

ஜெராக்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் ஓடினாள். அவர் நல்ல மனுஷன்தான், எதற்கும் பதறாதவர். பதற வேண்டியதற்கும் பதறமாட்டார்.

"அடுத்த வாரம் ஒரு திருத்தம் சொல்லிடலாம்மா."

"என்னன்னு ஃபாதர்? போன வாரம் செத்தவர் இந்த வாரம் சாகலன்னா?"

"அதையே கொஞ்சம் மரியாதையா" என்றார் சாமியார்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் கடைக்குள் வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. "மூணாம் நாள் எழுந்து வந்துட்டாரே" என்று பின்னாளில் சாமியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், ஜெராக்ஸ் அக்காவுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அண்ணன் கையில் அந்தத் தாள்.

"இதுல எம் பேரப் போட்டது யாரு?"

"நான்தாண்ணே. ஆனா இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம் போட்டேன், அது தாவிருச்சு."

"உயிரோட இருக்கறவங்க பக்கம் மட்டும் எதுக்கு எம் பேரு? நான் எதுவும் கேக்கலியே."

"ஒரு வேண்டுதல்."

"எத்தன வாரமா?"

"ஒம்போது வருஷமா."

அண்ணன் தாளை மேசையில் வைத்தார். "என்னன்னு வேண்டுன?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள். "ஒங்களுக்கு மனசு மாறணும்னு."

"எனக்கா?" என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பாள். "நாலு பேர் முன்னால என்ன எழுப்பிவிட்டது நீ. மனசு மாற வேண்டியது நானா? நல்லா இருக்கே ஒன் கணக்கு."

வாசல்வரை போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கெழம வரேன். பூசைக்கு இல்ல. நான் சாகலன்னு எல்லாரும் கண்ணால பாக்கட்டும். நிப்பேன், ஒக்கார மாட்டேன்."

அவர் போனபின் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இயந்திரத்தின் மூடியை அறைந்து சாத்தினாள். என்ன மனிதர் இவர்! நானூற்றுச் சொச்சம் ஞாயிறு தனக்காக ஒருத்தி கையேந்தியிருக்கிறாள் என்று தெரிந்தும் ஒரு நன்றி உண்டா? அப்புறம்தான், இரண்டு வாடிக்கையாளர்களைக் கடிந்து அனுப்பிய பிறகுதான், அவர் சொன்னது உள்ளே இறங்கியது. நானூற்றுச் சொச்சம் ஞாயிறில் ஒன்றில்கூட, தன் வாயைத் திறந்து 'தப்பு என்மேல்' என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வேலையையும் கடவுள் தலையிலேயே கட்டியிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் சொல்லித்தானா இது தெரிய வேண்டும் என்று எரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை இடப்பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் அண்ணனின் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் தன் பெயரைத் தட்டினாள். இந்தத் தடவை எந்தப் பக்கம் நிற்கிறது என்று நாலு முறை பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து வாசலருகே, தீர்த்தத் தொட்டியை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேய்த்த சட்டை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கணக்கு வாத்தியார் தாளை வாசித்தார், இடப்பக்கத்தின் கடைசிப் பெயரில் மட்டும் ஒரு நொடி தடுமாறி மேலே போனார். நற்செய்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் உட்காரவில்லை. சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். தொடங்கினால் இருபத்தைந்து நிமிடம். அண்ணனுக்கு முட்டி வலி வேறு உண்டு, அண்ணி வாரம் தவறாமல் தைலம் தேய்க்கிறாள்.

ஜெராக்ஸ் அக்கா எழுந்தாள். நடுப்பாதையில் நடந்தாள். இத்தனை நாளும் சத்தமில்லாமல் இருந்த செருப்பு அன்றைக்கென்று கீச்சிட்டது. சாமியார் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டார்.

"வந்து ஒக்காருங்கண்ணே."

"எடம் இல்ல."

"இருக்கு. ஒங்க எடத்துலதான் நான் ஒக்காந்திருந்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அன்னிக்கு ஒங்கள எந்திரிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு எம்மேலதான்."

"காதுல விழல" என்றார் அண்ணன்.

விழுந்தது. நன்றாக விழுந்தது. கழுத்தைப் பிடித்துத் தீர்த்தத் தொட்டியில் முக்கிவிடலாமா என்றுகூட அவளுக்கு வந்தது. ஆனால் அன்று நாலு பேர் முன்னால் சொன்னதை இன்று காதோடு காதாகச் சொல்லித் தீர்க்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தப்பு எம்மேலதாண்ணே!" என்றாள், பீடம்வரை கேட்கும்படி.

அண்ணன் கட்டிய கையை அவிழ்த்தார். முன்னால் நடந்து, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே நகர்ந்தாள். பெஞ்ச் நிறைந்துவிட்டது. ஜெராக்ஸ் அக்கா பக்கத்தில் நடைபாதையில் நின்றாள். சாமியார் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாமல் முதலிலிருந்து தொடங்கினார்.

பத்து நிமிடம் போயிருக்கும். அண்ணன் திரும்பிப் பார்க்காமலேயே, "எத்தன நேரம் தூண் மாதிரி நிப்ப? மறைக்குது. ஒக்காரு" என்று அரையடி நகர்ந்தார். அந்த அரையடியில் அவள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டாள். காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் அண்ணன் எல்லோருக்கும் ஒரு தாளம் முந்தி, ஒன்பது வருடப் பாக்கியையும் சேர்த்துப் பாடினார். அவருடைய முழங்கை அவள் விலாவில் இடித்தது.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கண்ணே."

அண்ணன் பாட்டை நிறுத்தினார். "ஒரு தடவ நீ சொல்லித் தள்ளிப் போனேன். திரும்பி வர ஒம்போது வருஷம் ஆச்சு. இனி நீ தள்ளு" என்று சொல்லிவிட்டு, விட்ட அடியைத் தப்பான இடத்தில் பிடித்துக்கொண்டார்.

தள்ளுவதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, நடைபாதைதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, பூசை முடியும்வரை அந்த அரை இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.